கடிகாரத்துக்கு நற்சான்று தருவோர் யார்?

நேயர்களே, கையில் கட்டிய கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று அறிய நம் ஜொகூர் தோட்டங்களில் வெகுகாலம் வழங்கிவந்த முறை மிக எளியது. வானொலியில் செய்திக்கு முன் ஒலிக்கும் 'பிப், பிப்' ஓசைக்காகக் காத்திருப்பார்கள். கடைசி ஓசை விழும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். அரை நிமிடம் முந்தியிருந்தால் திருகை இழுத்துச் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதிகாலைப் பெரட்டுக்கு மணி அடிக்கவைத்த கிராணியாரின் கடிகாரந்தான் தோட்டத்துக்கெல்லாம் சட்டம். அது பத்து நிமிடம் முந்தினால் நூறு குடும்பங்களின் பத்து நிமிடத் தூக்கம் போயிற்று. அந்தக் கடிகாரத்துக்கு யார் சான்று கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும் துணிவும் அக்காலத்தில் இல்லை.

இன்று ஜொகூர் பாருவின் பேரங்காடிகளிலோ, கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலோ ஒரு கடிகாரக் கடையின் கண்ணாடிப் பெட்டிமுன் நின்று பார்த்தால் நிலைமை வேறு. சாவி கொடுத்து ஓடும் கடிகாரங்களும், கை அசைவில் தாமே சாவி ஏற்றிக்கொள்ளும் கடிகாரங்களும் அங்கே வரிசையாக இருக்கும். ஒன்றின் முகப்பில் 'குரோனோமீட்டர்' என்ற சொல். இன்னொன்றின் உள்ளே நுண்ணிய கழுகு முத்திரை. மற்றொன்றுடன் ஒரு நாட்டின் அளவியல் நிலையம் கொடுத்த சீட்டு. விலையோ சில நூறு வெள்ளியிலிருந்து பல்லாயிரம் வெள்ளி வரை ஏறிக்கொண்டே போகும். வாழ்நாளில் ஒருமுறை, ஓய்வுக்காலப் பணம் கைக்கு வரும்போதோ மகன் பட்டம் பெறும்போதோ, நல்ல கடிகாரம் ஒன்று வாங்க எண்ணுகிறவர் இந்தச் சொற்களுக்காகத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறார். அவை எங்கிருந்து வந்தன, எதைச் சோதித்து எதைச் சோதிக்காமல் விட்டன என்பதை இன்று காண்போம்.

வெளிநாட்டுக்குப் போகுமுன் உள்ளூரிலேயே ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் செய்க்கோ நிறுவனத்தின் மலிவான தானியங்கிக் கடிகாரங்கள் பலவற்றின் பின்மூடி கண்ணாடியால் ஆனது. உள்ளே அரைவட்டமாகச் சுழலும் எடைத்தகட்டில் '21 கற்கள்' என்பதோடு 'மலேசியா' என்றும் பொறித்திருக்கும். அக்குழுமத்தின் கடிகார இயந்திரங்களை உருவாக்கும் தொழிற்கூடம் நம் ஜொகூர் பாருவிலேயே இயங்கி வந்துள்ளது என்பதைப் பலர் அறியார். 1996-இல் வெளிவந்த '7எஸ்26' என்னும் இயந்திரம் இவ்வகையில் பெயர்பெற்றது. மணிக்கு 21,600 துடிப்பு. இதற்கு எந்த நிலையத்தின் சான்றிதழும் கிடையாது. தொழிற்சாலை தரும் உறுதிமொழி ஒன்றுதான்: நாளொன்றுக்கு 20 நொடி பிந்தலாம், அல்லது 40 நொடி முந்தலாம். சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் என்று சான்று பெற்ற கடிகாரமோ 4 நொடிக்கு மேல் பிந்தக்கூடாது, 6 நொடிக்கு மேல் முந்தக்கூடாது. இந்த இரண்டு கணக்குக்கும் இடையில்தான் நம் கதை முழுவதும் இருக்கிறது.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்வோம். ஒரு நாளில் 86,400 நொடிகள் உள்ளன. நாளுக்கு 40 நொடி தவறும் கடிகாரங்கூட இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தவறுகிறது. நம் வீட்டுத் தராசு இவ்வளவு துல்லியமாக நிறுக்குமானால் கடைக்காரரோடு நமக்குச் சண்டையே வராது. ஆனால் கடிகாரத்தின் பிழை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். 40 நொடி என்பது ஒரு மாதத்தில் இருபது நிமிடமாகிவிடும். அதனால்தான் கடிகாரத்தை மற்றக் கருவிகளைவிடக் கடுமையாக நடத்துகிறோம்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. நாம் இரண்டு கடிகாரங்களை ஐந்து நாள் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு நாளும் அதே மணிக்குக் குறித்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடிகாரம் நாள்தோறும் முறையே 14, 15, 13, 15, 13 நொடி முந்துகிறது. இரண்டாவது முதல்நாள் 9 நொடி முந்துகிறது, மறுநாள் 8 நொடி பிந்துகிறது, பிறகு 6 முந்தல், 7 பிந்தல், 5 முந்தல். சராசரி பார்த்தால் முதலாவதின் பிழை 14 நொடி, இரண்டாவதின் பிழை ஒரே ஒரு நொடி! வாங்குகிறவர் இரண்டாவதைத்தான் கேட்பார். கடிகாரம் பழுதுபார்ப்பவரோ முதலாவதையே எடுத்துக்கொள்வார். பேலன்ஸ் சக்கரத்தின்மேல் உள்ள சிறு நெம்புகோலை மயிரிழை தள்ளினால் அந்த 14 நொடியும் போய்விடும். இரண்டாவதின் நோயோ உள்ளே இருக்கிறது. எண்ணெய் காய்ந்திருக்கலாம், முனை தேய்ந்திருக்கலாம். நெம்புகோலால் அது தீராது. பிழை எவ்வளவு என்பதைவிட அது மாறாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. சான்றிதழ் கொடுத்தவர்கள் எல்லாரும் இருநூறு ஆண்டுகளாக இதைத்தான் அளந்து வந்திருக்கிறார்கள்.

ஏன் மாறுகிறது? கடிகாரத்தைப் படுக்க வைத்தால் ஒரு கதி, நிறுத்தி வைத்தால் ஒரு கதி. பேலன்ஸ் சக்கரத்தின் ஒருபுறம் அணுவளவு கனம் கூடினாலும் புவியீர்ப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வெப்பம் ஏறினால் பழைய எஃகு ஹேர்ஸ்பிரிங் தளர்ந்து கடிகாரம் பிந்தும். சாவி இறங்க இறங்க வீச்சு குறையும். காந்தம் பட்டால் ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் வெறிபிடித்தாற்போல் ஓடும். கிடப்பு, வெப்பம், சாவி, காந்தம் என்ற இந்த நான்கையும் ஒவ்வொரு சான்றும் எப்படி நடத்துகிறது என்று பார்த்தாலே அதன் தகுதி விளங்கிவிடும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் கடலில் பிறந்தவை. கப்பல் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்று அறிய, புறப்பட்ட துறைமுகத்தின் நேரம் கப்பலில் இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டருகே நான்கு நொடிப் பிழை என்றால் ஒரு கடல் மைல் பிழை. இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 1714-இல் 20,000 பவுன் வரை பரிசு அறிவித்ததும், ஜான் ஹாரிசன் என்னும் தச்சர் மகன் வாழ்நாளெல்லாம் அதற்காக உழைத்ததும் நேயர்கள் கேள்விப்பட்டவையே. அவருடைய நான்காவது கடிகாரம் 1761-ஆம் ஆண்டின் இறுதியில் ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. 81 நாளில் ஏறக்குறைய ஐந்து நொடியே தவறியது என்று நூல்கள் சொல்லும். நூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. அந்தக் கடிகாரம் உண்மையில் நாளொன்றுக்கு இரண்டரை நொடிக்குச் சற்று மேல் பிந்திக்கொண்டே இருந்தது. ஆனால் அப்பிந்தல் மாறாதது, முன்கூட்டியே கணித்துக் கழிக்கப்பட்டது. கழித்தபின் நின்ற மிச்சந்தான் ஐந்து நொடி. நாம் மேலே சொன்ன முதல் கடிகாரத்தின் மூதாதை அது!

நம்மவருக்கும் இந்தக் கடல் கணக்கில் பங்குண்டு. சென்னை வானாய்வகத்தின் கட்டடம் 1792-இல் எழுந்தது. அதன் கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே விண்மீன்களைப் பார்த்துக் கணித்த நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. பின்னாளில் இந்திய ரயில்கள் பலவும் அந்தச் சென்னை நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் வந்தபின் அது மறைந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்திறங்கிய நம் பாட்டன் பாட்டிமார், குறிப்பாக 1926 முதல் ஓடிய 'ரஜுலா' கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்தவர்கள், மாலுமியின் அறையில் ஒரு பெட்டிக்குள் ஆடாமல் கிடந்த குரோனோமீட்டரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அது நாளுக்குப் பத்து நொடி என்று கணக்கில் வராமல் தவறியிருந்தால், வானொலி நேரக்குறிப்பும் இல்லாதிருந்தால், ஆறே நாளில் ஒரு நிமிடம் தவறிவிடும். அதாவது பதினைந்து கடல் மைல். இரவில் கரை நெருங்கும் கப்பலுக்குப் பதினைந்து மைல் என்பது சிறிய பிழை அன்று.

கப்பலுக்கென்று தொடங்கிய சோதனை 19-ஆம் நூற்றாண்டில் சட்டைப்பை கடிகாரத்துக்கும் வந்தது. இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ வானாய்வகம் 1880-களில் பொதுமக்களின் கடிகாரங்களையும் வாங்கிச் சோதித்துச் சான்று தரத் தொடங்கியது. மேல்வகுப்பான 'ஏ' வகுப்புச் சோதனை 45 நாள் நடக்கும். ஐந்து கிடப்பு, மூன்று வெப்பநிலை. நூறு மதிப்பெண்ணில் 40 நாளுக்கு நாள் கதி மாறாமைக்கு, 40 கிடப்பு மாறினாலும் கதி மாறாமைக்கு, 20 வெப்பத்தைத் தாங்குவதற்கு. எண்பதுக்கு மேல் வாங்கினால் 'மிகச் சிறந்தது' என்ற குறிப்புடன் சான்றிதழ் வரும். பள்ளித் தேர்வு போன்ற இந்த மதிப்பெண் முறை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பின்னால் வந்த சான்றுகளில் தேறியது, தேறவில்லை என்ற இரண்டே தீர்ப்புகள். எந்தக் கடிகாரம் அறுபது வாங்கித் தேறியது, எது தொண்ணூற்றைந்து வாங்கித் தேறியது என்று கியூ சொன்னது.

கைக்கடிகாரம் அப்போது பெண்களின் அணிகலனாக மட்டுமே கருதப்பட்டது. இவ்வளவு சிறிய இயந்திரம் எங்கே சரியாக ஓடப்போகிறது என்பது பலரின் எண்ணம். ரோலெக்ஸ் நிறுவனத்தின் கைக்கடிகாரம் ஒன்று 1910-இல் சுவிட்சர்லாந்தின் பியேன் நகரில் சான்று பெற்றது. 1914 ஜூலை 15-ஆம் நாள் அந்நிறுவனத்தின் இன்னொரு சிறு கைக்கடிகாரத்துக்குக் கியூவின் 'ஏ' வகுப்புச் சான்று கிடைத்தது. சில நாளில் உலகப்போர் மூண்டது. பதுங்குகுழியில் நின்றவர்களுக்குச் சட்டைப்பையில் கைவிட்டுக் கடிகாரத்தை எடுக்க நேரமில்லை. கைக்கடிகாரம் ஆண்களின் கைக்கு வந்தது அப்படித்தான்.

சுவிட்சர்லாந்தில் நியூஷாட்டல் வானாய்வகமும் ஜெனீவா வானாய்வகமும் ஆண்டுதோறும் போட்டிகள் நடத்தின. வெற்றி பெற்ற நிறுவனங்கள் அதை விளம்பரப் பலகைகளில் பெரிதாகப் போட்டுக்கொண்டன. இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். போட்டிக்குப் போன கடிகாரம் கடையில் விற்கும் கடிகாரம் அன்று. தேர்ந்த வினைஞர் ஒருவர் மாதக்கணக்கில் ஒரே இயந்திரத்தைத் தட்டிக் கொட்டி, நெறிப்படுத்தி, குழந்தையைப் போலக் கொண்டுபோய்க் கொடுப்பார். பந்தயத்தில் முதலாவதாக வந்த குதிரையின் படத்தைக் காட்டி, அதே கொட்டடியில் பிறந்த வண்டிக்குதிரையை நம்மிடம் விற்பது போன்ற செய்கை இது. ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. வாங்குகிறவருக்கு அந்த மதிப்பெண்ணால் ஏதேனும் கிடைத்ததா என்றால், அதிகமில்லை.

இதற்கு நேர்மாறானது அமெரிக்க ரயில்வேயின் முறை. 1891 ஏப்ரலில் ஓஹாயோ மாநிலத்தின் கிப்டன் என்னும் ஊரில் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வந்த இரண்டு ரயில்கள் மோதின. தபால் ஊழியர்கள் உட்படப் பலர் மாண்டனர். ஓட்டுநர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று பிறகு ஓடியதே காரணம் என்று பேசப்பட்டது. அதன்பின் வெப் பால் என்னும் கடிகார வணிகர் மேற்பார்வையில் ரயில்வே ஊழியர்களின் கடிகாரங்களுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. குறைந்தது 17 கற்கள், ஐந்து கிடப்புகளில் நெறிப்படுத்தல், வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் தவறாமை. முகப்பில் தடித்த கருப்பு எண்கள் வேண்டும், முள்ளைத் தவறுதலாக நகர்த்திவிடாதபடி மூடியைத் திறந்து தனி நெம்புகோலை இழுத்தால்தான் நேரம் மாற்ற முடிய வேண்டும் என்றெல்லாம் விதித்தார்கள். முக்கியமானது என்னவென்றால், ஒருமுறை சான்று கொடுத்ததோடு அவர்கள் விடவில்லை. கடிகாரத்தைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஆய்வாளரிடம் காட்டிச் சீட்டில் பதிய வேண்டும். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909-இல் முடிந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்களில் நம்மவர் ஏராளம். நேரம் தவறினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகில் தோன்றிய கடிகாரச் சான்றுகளில் மக்கள் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை கடற்படையினதும் ரயில்வேயினதும் மட்டுமே. மற்றவை பெரும்பாலும் பெருமைக்கும் வாணிகத்துக்கும் பிறந்தவை.

பெருமைக்குப் பிறந்ததில் தலையாயது ஜெனீவா முத்திரை. ஜெனீவா மாநிலம் 1886 நவம்பர் 6-இல் சட்டம் இயற்றி இதை உண்டாக்கியது. அரைக் கழுகும் சாவியும் உள்ள மாநிலச் சின்னத்தை இயந்திரத்தின்மேல் பொறிப்பார்கள். வேறிடத்தில் செய்த மட்டமான கடிகாரங்களில் 'ஜெனீவா' என்று பொறித்து விற்றதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆகவே இயந்திரம் ஜெனீவாவிலேயே கோக்கப்பட்டதா, உறுப்புகளின் ஓரங்கள் சீவி மெருகேற்றப்பட்டனவா, திருகின் தலை பளபளக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். நேரம் காட்டும் துல்லியத்துக்கு அதில் முதலிடம் இல்லை. வெகுகாலம் பலர், விற்பனையாளர்கள் உட்பட, அதை நேரச்சான்று என்றே நினைத்தனர். 125-ஆம் ஆண்டை ஒட்டி 2011-இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. அதன்படி முழுக் கடிகாரமும் ஏழு நாளில் ஒரு நிமிடத்துக்கு மேல் தவறக்கூடாது. நாளுக்கு ஏறத்தாழ எட்டரை நொடி. குரோனோமீட்டர் விதியைவிட இது தளர்ச்சியானது. பட்டுப்புடவையின் சரிகைக்குக் கொடுக்கும் சான்றைச் சாயம் போகாது என்பதற்குக் கொடுத்ததாக எண்ணிக்கொள்ளக்கூடாது.

இனி ஜப்பானியரின் கதை. செய்க்கோ 1960-இல் 'கிராண்ட் செய்க்கோ' என்ற உயர்வகைக் கடிகாரத்தை வெளியிட்டபோது அதன் முகப்பில் 'குரோனோமீட்டர்' என்றும் எழுதியது. சோதித்தது அவர்களே, சான்று கொடுத்ததும் அவர்களே. இந்தச் சொல்லை அப்படி வழங்குவதை ஐரோப்பியத் தரப்பு ஏற்கவில்லை. பிறகு அவர்கள் செய்ததுதான் நமக்கு வியப்பளிப்பது. தங்கள் இயந்திரங்களைச் சுவிஸ்காரர்களின் மண்ணிலேயே, அவர்களுடைய வானாய்வகத்திலேயே சோதனைக்கு அனுப்பினார்கள். 1964-இல் நியூஷாட்டலில் அவர்களுக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் 144-ஆவது. யாராயினும் ஊர் திரும்பியிருப்பார்கள். அவர்கள் ஆண்டுதோறும் அனுப்பினார்கள். 1967-இல் நிறுவன வரிசையில் செய்க்கோவின் இரண்டு ஆலைகள் இரண்டாவது, மூன்றாவது இடங்களைப் பிடித்தன. 1968-இல் ஜெனீவாவில் முதல் மூன்று இடங்கள் சுவிஸ்காரர்களின் குவார்ட்ஸ் மாதிரிகளுக்குப் போயின. நான்காம் இடம் முதல் பத்தாம் இடம் வரை அனைத்தும் செய்க்கோவின் எந்திரக் கடிகாரங்கள். அத்துடன் அந்தப் போட்டிகள் நின்றுபோயின. தோற்கத் தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்று கேலி பேசியவர்கள் உண்டு. குவார்ட்ஸ் வந்துவிட்டதால் போட்டிக்குப் பொருளில்லாமல் போயிற்று என்பதே நியாயமான விளக்கமாகத் தோன்றுகிறது.

பழைய பல நிலையங்களுக்குப் பதிலாகச் சுவிட்சர்லாந்தில் 1973-இல் ஒரே பொது நிறுவனம் ஏற்பட்டது. 'கோஸ்க்' என்று சுருக்கமாக வழங்குவது அதுவே. கடிகாரத் தொழில் நடக்கும் ஐந்து மாநிலங்களும் தொழிற் கூட்டமைப்பும் சேர்ந்து நிறுவியது. கடையில் நாம் காணும் 'குரோனோமீட்டர்' என்ற சொல் சுவிஸ் கடிகாரத்தில் இருந்தால் இதன் சான்று பெற்றிருக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்களுக்கு இது சான்று தருகிறது. மாதிரிக்கு ஒன்றை எடுத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி எண்ணுடன் சோதிக்கப்படுகிறது. சோதனை 15 நாள். முதல் பத்து நாள் ஐந்து கிடப்புகளில், கிடப்புக்கு இரண்டு நாள், 23 டிகிரி வெப்பத்தில். பதினோராம் நாள் 8 டிகிரிக் குளிர். பன்னிரண்டாம் நாள் மீண்டும் 23. பதின்மூன்றாம் நாள் 38 டிகிரி. கடைசி இரண்டு நாளும் முதல் கிடப்புக்கே திரும்பி, பழைய கதி மீள்கிறதா என்று பார்ப்பார்கள். ஏழு அளவுகோல்கள், ஒன்றில் தவறினாலும் தேறாது. சராசரி 4 நொடி பிந்தலுக்கும் 6 நொடி முந்தலுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்றே. நாளுக்கு நாள் சராசரி மாறுபாடு 2 நொடியைத் தாண்டக்கூடாது என்பது இன்னொன்று. நாம் முன்னே கண்ட இரண்டாவது கடிகாரம் சராசரியில் தேறி இந்த இரண்டாவதில் விழும். முதல் கடிகாரம் சராசரியில் விழும். ஆனால் நெம்புகோலைத் தள்ளியபின் நாளுக்கு நாள் சோதனையில் அதற்கு அச்சமில்லை. பிந்தலுக்கு 4, முந்தலுக்கு 6 என்று ஏன் பாகுபாடு? பிந்தும் கடிகாரம் நம்மை ரயிலுக்குத் தவறவிடும், முந்தும் கடிகாரம் காக்க மட்டுமே வைக்கும் என்ற உலக நடைமுறையே அதில் இருப்பதாக நமக்குப் படுகிறது.

இதன் குறை என்ன? சோதிப்பது முழுக் கடிகாரத்தை அன்று, பெரும்பாலும் கூடு இல்லாத வெறும் இயந்திரத்தை. சான்று பெற்றபின் அதற்கு முகப்பும் முள்ளும் பொருத்தி, உறையில் இட்டு, பெட்டியில் அடுக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். வழியில் என்ன நேர்ந்தது என்பதைச் சான்றிதழ் அறியாது. காந்தச் சோதனையும் அதில் இல்லை. ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே நகரில் 2006 முதல் கூட்டில் இட்ட முழுக் கடிகாரத்தையே சோதிக்கிறார்கள். சுவிட்சர்லாந்திலும் 2015-இல் 'மெட்டாஸ்' என்னும் அரசு அளவியல் நிலையம் ஒமேகா நிறுவனத்துடன் ஒரு புதிய சான்றைத் தொடங்கியது. கோஸ்க் சான்று பெற்ற இயந்திரத்தை முழுக் கடிகாரமாக்கியபின், நிறையச் சாவி ஏற்றியும் மூன்றிலொரு பங்கு மட்டும் ஏற்றியும், நீரில் அமிழ்த்தியும், 15,000 காஸ் காந்தப் புலத்தில் வைத்தும் சோதிப்பார்கள். கதி சற்றும் பிந்தக்கூடாது, 5 நொடிக்கு மேல் முந்தவும் கூடாது. 2021-இல் டியூடர் நிறுவனமும் இதில் சேர்ந்தது. சோதித்துச் சான்று தருவது விற்பனை செய்யாத ஒரு பொது நிலையம் என்பதாலும், கூடும் காந்தமும் கணக்கில் வருவதாலும், இன்றுள்ள சான்றுகளில் இதையே நாம் மேலானதாகக் கருதுகிறோம்.

மற்றப்படி, நிறுவனங்களே தமக்குத் தாமே முத்திரை போட்டுக்கொள்வதும் உண்டு. பத்தெக் பிலிப் 2009-இல் ஜெனீவா முத்திரையை விட்டுத் தன் பெயரிலேயே முத்திரை வைத்துக்கொண்டது. ரோலெக்ஸ் 2015 முதல் கோஸ்க் சான்றுக்குமேல் தன் கூடத்திலும் சோதித்து, இரு பக்கமும் 2 நொடிதான் என்று சொல்கிறது. கிராண்ட் செய்க்கோ ஆறு கிடப்புகளில் 17 நாள் சோதித்து, 3 நொடிப் பிந்தல் முதல் 5 நொடி முந்தல் வரை என்று வரம்பு வைத்திருக்கிறது. இவை கண்டிப்பில் பொதுச் சான்றை மிஞ்சியவையே. மாப்பிள்ளைக்கு நற்சான்றைத் தகப்பனாரே எழுதிக் கொடுத்தால் அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெண் வீட்டார் இன்னொருவரையும் விசாரிப்பது வழக்கம், அவ்வளவே.

சான்றே அல்லாதவற்றைச் சான்றென்று நம்புவதும் நம்மிடையே அதிகம். '17 கல் வாட்ச்' என்று நம் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கல் என்பது தேய்மானத்தைக் குறைக்க அச்சு முனைகளில் வைக்கும் செயற்கை மாணிக்கம். 21 கல் கடிகாரம் 17 கல் கடிகாரத்தைவிட நேரம் தவறாது என்ற கட்டாயம் ஒன்றுமில்லை. அதுபோல 'காந்தம் தாக்காது' என்று பின்மூடியில் எழுதியிருப்பது ஏறக்குறைய 60 காஸ் புலத்தைத் தாங்கி, நாளுக்கு 30 நொடிக்குள் நிற்கும் என்பதையே குறிக்கும். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியிலும் கைப்பையின் கொக்கியிலும் காந்தம் இருக்கும் இக்காலத்தில் அது போதாது.

1969 டிசம்பர் 25-இல் தோக்கியோவில் செய்க்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 450,000 யென். மாதத்துக்கு 5 நொடிதான் தவறும். எந்தச் சான்று பெற்ற எந்திரக் கடிகாரமும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. சில ஆண்டுகளில் விலையும் சரிந்தது. தமிழ்நாட்டின் ஓசூரில் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கியபோது நம்பியது குவார்ட்ஸைத்தான். பெங்களூரில் 1961 முதல் சாவிக் கடிகாரம் செய்துவந்த எச்.எம்.டி.க்கு அது பெரும் அடியாக முடிந்தது. ஆகவே நேரம் மட்டுமே வேண்டும் என்பவருக்கு இந்தச் சான்றுகள் ஒன்றும் தேவையில்லை. சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரமே போதும். எந்திரக் கடிகாரத்தை விரும்பி வாங்குகிறவர், அது எவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்டது என்பதற்கு அத்தாட்சி தேடுகிறார். சான்றிதழின் பயன் இப்போது அங்கேதான்.

நொடிக்கணக்குப் பார்த்த நாம் அரைமணிக் கணக்கையும் மறந்துவிடலாகாது. சிங்கப்பூரின் நேரம் 1905-இல் கிரீனிச்சைவிட ஏழு மணி முந்தியதாக வைக்கப்பட்டது. 1933-இல் இருபது நிமிடம் கூட்டினார்கள், 1941-இல் மேலும் பத்து. 1942-இல் ஜப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தைத் திணித்தபோது ஒன்றரை மணி ஒரேயடியாகத் தாவிற்று. 1945-இல் மீண்டும் பழைய நேரம். 1982 புத்தாண்டில் சபா, சரவாக் நேரத்தோடு தீபகற்பத்தின் நேரம் இணைக்கப்பட்டபோது, முதல்நாள் இரவு பதினொன்றரைக்கே நள்ளிரவு பிறந்தது. சிங்கப்பூரும் அவ்வாறே மாற்றிக்கொண்டது. நாளுக்கு நான்கு நொடி தவறாத குரோனோமீட்டரும் அன்றிரவு முப்பது நிமிடம் தவறாகவே காட்டியது. மலேசியாவின் பொது நேரத்தை இன்று சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் நிலையத்தின் அணுக்கடிகாரங்கள் காக்கின்றன. நம் கடிகாரத்தைச் சோதித்துப் பார்க்க அந்த நேரமே உரைகல்.

ஜொகூர் இயந்திரத்துக்குத் திரும்புவோம். 20 நொடிப் பிந்தல், 40 நொடி முந்தல் என்பது தொழிற்சாலை தன்னைக் காத்துக்கொள்ள வைத்த அகலமான வேலி. நடைமுறையில் அவற்றுள் பல அதைவிட நன்றாகவே ஓடுகின்றன. நேயர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பதினைந்து நாள், அதே மணிக்கு, முந்தலையும் பிந்தலையும் எழுதி வாருங்கள். இரவில் கழற்றி வைக்கும்போது முகப்பு மேலே இருந்ததா, திருகு மேலே இருந்ததா என்பதையும் குறியுங்கள். தினமும் ஒரே அளவாக முந்துகிறது என்று கண்டால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் போகலாம். நாமும் இப்படி ஒன்றை எழுதினோம். நாளுக்கு 17, 18 நொடி என்று சோர்வில்லாமல் முந்திக்கொண்டிருந்த கடிகாரம் அது. கடைக்காரர் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தார், கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டார், 'எஃப்' என்ற எழுத்தின் பக்கமிருந்த நெம்புகோலை 'எஸ்' பக்கமாகத் தொட்டார் என்று சொல்வதைவிட மூச்சுவிட்டார் எனலாம். இப்போது நாளுக்கு மூன்று நொடி முந்துகிறது. அவர் கேட்ட கூலி ஐந்து வெள்ளி.